சிறு சினங்கள்

பெருஞ்சினம் கொண்டவர்களைப் பற்றி நம் முன்னோர் ஏராளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். துருவாச முனிவரை அறியாத மாணாக்கன் எமது வகுப்பிலே ஒருவனும் இல்லை. கண்ணகி மதுரையை எரித்த கதையைச் சொல்லும்போது கடைசி வாங்கிலே தூங்குபவனும் விழித்துக் கொள்வான். திருவள்ளுவரோ 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரத்தையே, அதாவது 31 ஆம் அதிகாரத்தை, இதற்கென ஒதுக்கிப் பத்துக் குறட்பாக்களை அருளிச் சென்றார். எல்லாம் சரி. ஆனால், விடியற்காலையிலே வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போகிறோம். தண்ணீர் நூலாக ஒழுகுகிறது. முன்னே ஏழு பேர் நிற்கிறார்கள். ஒன்பதாவதாக வந்தவர் நமக்கு முன்னே போய் நின்றுகொள்கிறார். அப்பொழுது அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்புகிறதே, அதனை எந்த அதிகாரத்திலே சேர்ப்பது? அது சினமும் அன்று, துயரமும் அன்று. அதற்குக் காவியத்திலே இடமில்லை. ஆயினும், மனிதன் தன் வாழ்நாளிலே துருவாசரைப் போலக் கோபிக்கும் சந்தர்ப்பம் ஒன்றோ இரண்டோதான் வரும். இந்தப் பீலிக் கோபமோ நாள் தவறாமல் வருகிறது. எனவே வாசக நேயர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்விலே, எம்முடன் சேர்ந்து இச்சிறு சினங்களைப் பற்றிச் சிறிது சிந்திப்பார்களாக.

எமது முதலாவது சிறு சினம் எமது பிறந்த ஊரைப் பற்றியது. நாம் பிறந்து வளர்ந்தது கேகாலை மாவட்டத்திலே, தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றில். இப்பொழுது தமிழ் கற்பிப்பது இரத்தினபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ யாரையாவது புதிதாகச் சந்தித்து, "நாம் தோட்டத்துப் பிள்ளை" என்று சொன்ன மாத்திரத்திலேயே, "ஓ, நுவரெலியாவா? நல்ல குளிராயிருக்குமே!" என்கிறார்கள். குளிரா? எங்கள் லயத்துக் காம்பராவிலே தகரக் கூரையின் கீழே மாசி, பங்குனி மாதத்து நண்பகலில் ஒரு மணி நேரம் இருந்து பார்த்தால் தெரியும். சப்ரகமுவ மாகாணம் 1889 ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. தேயிலை உண்டு, அதனோடு இறப்பரும் உண்டு. களனி ஆற்றுப் பள்ளத்தாக்கிலே இறப்பர் காடு காடாக நிற்கிறது. லண்டன் கியூ பூங்காவிலிருந்து 1876 ஆம் ஆண்டில் கப்பலேறி வந்து, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்திலே வேரூன்றிய கன்றுகளின் வம்சம் அது. அந்த மரத்தை நம்பித்தான் எங்கள் பாட்டனாரும் தந்தையாரும் வாழ்ந்தார்கள். ஆயினும் தோட்டம் என்றால் பனிமூட்டமும், கூடை சுமந்த பெண்ணும், கம்பளிச் சட்டையுமே படத்திலே வரவேண்டும் என்று எவரோ முடிவு செய்துவிட்டார். நாங்கள் அந்தப் படத்துக்கு வெளியே, வியர்த்துக்கொண்டு நிற்கிறோம்.

பெரிய குறை இல்லைத்தான். ஆனால், ஒருவர் நம்மை அன்போடு விசாரிக்கும்போதே தவறாக விசாரித்தால், அதைத் திருத்துவதா விடுவதா என்று வாய் ஒரு கணம் தடுமாறுகிறதே, அதுதான் நாம் சொல்லும் சிறு சினம்.

இனி, மழை.

இரத்தினபுரியிலே ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியிலே வந்து நேரே எங்கள் மலைகளில்தான் முட்டிக்கொள்கிறது. கவிஞர்கள் மழையைப் பாடட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் அவர்கள் எவரும் பால் வெட்டியவர்கள் அல்லர் என்பது எமது துணிபு. இறப்பர் மரத்துப் பால் விடியலின் குளிர்ச்சியில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஆகையால், இருள் பிரியுமுன்னே எழுந்து, கத்தியைத் தீட்டி, மரத்துக்கு மரம் ஓடி, பட்டையிலே சரிவாக மெல்லிய சீவல் ஒன்று எடுத்து, சிரட்டையை நேராக்கி வைத்துப் போகவேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். கொஞ்சம் மேலாகப் போனால் பால் இல்லை. இந்த நுட்பத்தை எமது தந்தையார் அரையிருட்டிலே, கைப்பழக்கத்தாலேயே செய்வார். இப்படியெல்லாம் செய்தபின், வானத்துக்கு மனம் மாறிவிட்டால் என்ன செய்வது? மரம் நனைந்திருந்தால், பால் வெட்டின் வழியே சிரட்டைக்கு இறங்காமல் பட்டை முழுவதும் வெள்ளையாகப் பரவி வழிந்து வீணாகும். வெட்டியபின் மழை வந்தாலோ, சிரட்டையிலே பாதி பால், பாதி வானம்.

அந்த நீர்ப்பாலை வாளியிலே சுமந்துகொண்டு ஸ்டோருக்குப் போனால், அங்கே மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் கருவி மிதக்கும். பாலிலே எவ்வளவு இறப்பர், எவ்வளவு தண்ணீர் என்பதை அது காட்டிக்கொடுக்கும். அளப்பவர் கருவியைப் பார்ப்பார். பிறகு பால் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார். தண்ணீரை ஊற்றியது இவரா, இந்திரனா என்று அந்தக் கருவியால் சொல்ல முடியாது.

அளவு சேராத நாளில், அல்லது மழையால் வேலை பாதியிலே நின்ற நாளில், 'அரைப் பேர்' விழும். தோட்டத்தை அறியாத வாசகர்களுக்கு இதனைச் சற்று விளக்குதல் தகும். தோட்டத்திலே ஒரு நாட் கூலிக்கு 'பேர்' என்று பெயர். செக்குரோல் புத்தகத்திலே ஒருவருடைய பெயருக்கு நேரே ஒரு நாள் பதிந்தால் ஒரு பேர். பாதி பதிந்தால் அரைப் பேர். எங்கள் தமிழ் மொழியிலே பெயர் என்பது புகழையும் குறிக்கும் என்று நாம் வகுப்பிலே கற்பிக்கும்போதெல்லாம், அரைப் புகழோடு லயத்துக்குத் திரும்பி வந்த எமது தந்தையாரின் முகம் எம் கண்முன்னே வந்து நிற்கும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்வதற்கு 2021 ஆம் ஆண்டு வரையிலே காத்திருக்க வேண்டியிருந்தது என்பது நேயர்கள் அறிந்ததே. அதிலும் அரை என்றால் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதற்குக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை.

இங்கேதான் நாம் சொல்ல விரும்பும் விஷயம் வருகிறது. அரைப் பேர் விழுந்த நாளில் எமது தந்தையார் கணக்கப்பிள்ளையோடு சண்டையிடமாட்டார். துரையின் பங்களாவுக்குப் போய் முறையிடவும் மாட்டார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வருவார். வந்து, தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுலே சீனி எங்கே?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியிலிருந்து அன்று மாலை முழுவதும் வீடு அதிரும். சீனிக்காகக் கோபம்; கதவு கிறீச்சிட்டதற்காகக் கோபம்; எமது புத்தகப் பை இஸ்தோப்பிலே கிடந்ததற்காகக் கோபம். எமது தாயார் ஒன்றும் பேசமாட்டார். சீனி அன்றும் மற்ற நாட்களைப் போலவே இரண்டு கரண்டிதான் என்பது அவருக்குத் தெரியும்; தந்தையாருக்கும் தெரியும்.

தோட்டத்து மக்கள் அற்பக் காரியங்களுக்காகச் சண்டையிடுகிறவர்கள் என்று சிலர் எழுதியும் பேசியும் வந்திருக்கிறார்கள். பீலிச் சண்டையைப் பற்றியும், கோழிச் சண்டையைப் பற்றியும் நகைச்சுவைத் துணுக்குகள் நாமே பல படித்திருக்கிறோம். சிலவற்றுக்குச் சிரித்தும் இருக்கிறோம். ஆயினும் எமது கட்சி வேறு. தண்ணீர் மேட்டிலே அடைபட்டால் பள்ளத்தைத் தேடி ஓடுவது போல, கோபமும் தனக்கு வழிவிடும் இடத்தைத் தேடித்தான் ஓடுகிறது. செக்குரோலிலே அதற்கு வழியில்லை. சீனி டப்பாவிலே வழி உண்டு.

மழையைத் திட்டுவது எங்கள் லயத்திலே ஒரு நித்திய கருமமாக இருந்தது. எமது தாயார் அடுப்பிலே ஈர விறகை ஊதிக்கொண்டே வருணனை வைத வசவுகளை அச்சிலே ஏற்ற இயலாது. ஆனால் 2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதி, அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளிலே புலத்கொஹுப்பிட்டியவில் களுப்பஹனைத் தோட்டத்து லயத்தின் மேலும் மண் இறங்கியது. எல்லாம் எங்கள் மாவட்டத்திலேயே. அதன்பின் எமது தாயார் மழையைத் திட்டி நாம் கேட்டதில்லை. இரவிலே பெருமழை பெய்தால் எழுந்து உட்கார்ந்து, கூரையின் சத்தத்துக்கு அப்பால் வேறு ஏதேனும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். அச்சம் வந்தபின் எரிச்சலுக்கு இடமில்லாது போகும் போலும்.

அட்டைக் கடியைப் பற்றியும் இங்கே எழுத எண்ணியிருந்தோம். உப்பும் எலுமிச்சம்புளியும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு போனாலும் கால் விரலிடுக்கிலே ஒன்று இருந்தே தீரும் என்பதைத் தவிர அதிலே சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பஸ் வண்டியைப் பற்றியும் மிகவே சொல்லலாம். தெரணியகலையிலிருந்து இரத்தினபுரிக்கு வருவதற்குத் தெஹியோவிட்ட வழியாக அவிசாவளைக்கு இறங்கி, அங்கே வண்டி மாறி, எஹலியகொட, குருவிட்ட எல்லாம் கடந்து வரவேண்டும். "இப்போ வரும்" என்று சொல்லப்பட்ட வண்டிக்காக நாம் காத்து நின்ற நேரத்தை எல்லாம் சேர்த்திருந்தால் இன்னொரு பட்டம் பெற்றிருப்போம். முற்காலத்திலே களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் இருந்தது. இரண்டரை அடி அகலமுள்ள சிறு தண்டவாளத்தில் 1912 ஆம் ஆண்டிலே இரத்தினபுரியையும், 1919 ஆம் ஆண்டிலே ஓப்பநாயக்கவையும் எட்டிப் பிடித்த வண்டி அது. 1970களிலே அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பாதையை மூடிவிட்டார்கள். அவ்வண்டி ஏற்றத்திலே போகும்போது இறங்கி நடந்து, வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு, மீண்டும் ஏறிக்கொள்ளலாம் என்று தந்தையார் சொல்வார். அது உண்மையோ கற்பனையோ, நேரத்துக்கு வராத வண்டியையும் மனிதர் இத்தனை அன்போடு நினைவு கூர்வதைக் கண்டு நாம் வியந்திருக்கிறோம். நாற்பது ஆண்டுகள் கழித்து இந்தப் பஸ்ஸையும் எவரேனும் இப்படிப் புகழக் கூடும். அவருக்கு எமது நிற்கும் இடத்தைக் கொடுக்கச் சித்தமாயிருக்கிறோம்.

அடுத்தது, பெயர்.

எமது வகுப்பிலே பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் நாள் ஒன்று ஆண்டுதோறும் வரும். அன்று பாடம் நடவாது. ஒவ்வொரு பிள்ளையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை நைலோன் உறையிலே சுற்றிக் கொண்டுவருவான். பிறப்புப் பத்திரத்திலே ஒரு பெயர்; பாடசாலை இடாப்பிலே ஒரு பெயர்; தகப்பனாரின் அடையாள அட்டையிலே மூன்றாவது பெயர். ஏன் இப்படி என்று ஆராய்ந்தால், குற்றம் எவரிடத்தும் முழுமையாக இல்லை. தமிழிலே ககரம் ஒன்றுதான். சிங்களத்திலே வல்லோசைக்கு ஓர் எழுத்தும் மெல்லோசைக்கு ஓர் எழுத்தும் உண்டு. கணேசன் என்று தமிழில் எழுதியதைப் பார்த்துப் படியெடுப்பவர் ஒருவகையாக எழுதுவார். 'கணேசன்' என்று வாயால் சொல்லக் கேட்டு எழுதுபவர் வேறுவகையாக எழுதுவார். பாலன் என்பவர் இவ்வாறே இருவராகிறார். எங்கள் சிறப்பு ழகரத்துக்கோ சிங்களத்தில் எழுத்தே இல்லை. தமிழ்ச்செல்வியும் அழகம்மாவும் அங்கே லகரத்தோடோ ளகரத்தோடோ சமாதானம் செய்துகொள்ள வேண்டும். பின்பு அந்தச் சிங்கள எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது, பிள்ளையைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத ஒருவர் உதயமாவார். தகப்பன் பெயர் முன்னெழுத்தாக நிற்பது நமது வழக்கம். சிங்கள மக்களின் குடும்பப் பெயர் வழக்கம் வேறு. விண்ணப்பத்திலே 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்திலே தன் பெயரை எழுதுவதா, தகப்பன் பெயரை எழுதுவதா என்று பிள்ளை எம்மைப் பார்ப்பான். நாம் கூரையைப் பார்ப்போம்.

1956 ஆம் ஆண்டிலே சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987 ஆம் ஆண்டிலே அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. அடையாள அட்டை எங்கள் பக்கத்திலே இரு மொழியிலும் வரத் தொடங்கியது 2014 ஆம் ஆண்டிலிருந்துதான். அட்டவணையிலே பார்த்தால் இவை மூன்று வருடக் கணக்குகள். ஆனால் இடையிலே பிறந்தவர்களுடைய பெயர்கள் எல்லாம் இந்த இடைவெளிகளில் விழுந்துதான் எழுந்தன. எமது கல்லூரிச் சான்றிதழிலும் எமது பட்டச் சான்றிதழிலும் எமது பெயர் ஓர் எழுத்து வேறுபடும். இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்திருக்கிறோம். சில மாலைப் பொழுதுகளில் அதனை எடுத்துப் பார்க்கும்போது எமக்கே சிறிது ஐயம் உண்டாகிறது.

பெயர் பிழைத்தால் திருத்திக்கொள்ளலாம். விலாசம் இல்லாதவன் என்ன செய்வது?

பட்டினத்திலே வீட்டுக்கு இலக்கம் உண்டு. வீதிக்குப் பெயர் உண்டு. லயத்துக் காம்பராவுக்கு அப்படி ஒன்று நெடுங்காலமாக இருந்ததில்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அஞ்சல் நிலையத்தின் பெயர், அவ்வளவே விலாசம். கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் வரும். அங்கிருந்து பிரட்டுக் களத்திலே பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அல்லது அந்தப் பக்கம் போகிற எவர் கையிலாவது கொடுத்தனுப்புவார்கள். ஒரே பிரிவிலே மூன்று இலெட்சுமிகளும் நான்கு இராமையாக்களும் இருப்பார்கள். இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. தோட்டத்துக்குப் புத்தகத்திலே ஆங்கிலப் பெயரோ சிங்களப் பெயரோ இருக்கும். நம்மவர் வாயிலே அதற்கு முற்றிலும் வேறான தமிழ்ப் பெயர் வழங்கும். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டபோது, எமது பாட்டனாரின் தம்பி குடும்பம் அக்கரைக்குக் கப்பலேறிற்று. நீலகிரியிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் தோட்டத்தின் தமிழ்ப் பெயரையே எழுதினாராம். அதுதான் அவருக்குத் தெரிந்த பெயர். அவற்றிலே எத்தனை வந்து சேர்ந்தன, எத்தனை எங்கேயோ அலைந்து மறைந்தன என்பதை எவர் அறிவார்? தம்பி தம்மை மறந்துவிட்டதாகவே பாட்டனார் கடைசி வரையிலும் குறைப்பட்டுக்கொண்டார்.

எமது தமக்கையார் எமக்கு ஆறு வயது மூத்தவர். எங்கள் லயத்திலே க.பொ.த. சாதாரண தரத்தில் சித்தியடைந்த முதற் பெண் அவரே. 1990களின் நடுப்பகுதியில், தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்வதற்காக விண்ணப்பம் கோரினார்கள். தமக்கையார் விண்ணப்பித்தார். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வரும் என்று காத்திருந்தார். காத்திருந்த நாட்களிலே, எம்மைக் கரும்பலகைக்கு முன்னே உட்காரும் பிள்ளையாகப் பாவித்து இஸ்தோப்பிலே பாடம் நடத்தியும் பார்த்தார். எமக்கு அது மிகுந்த எரிச்சலாயிருந்தது.

கடிதம் வந்தது. ஆனால் மேற்பிரிவிலே அதே பெயருடைய இன்னொரு பெண்மணி இருந்தார். அவர் கைக்குப் போயிற்று. கடிதம் சிங்களத்திலே இருந்தது. அந்த அம்மையாருக்கோ எந்த மொழியிலும் எழுத்தறிவில்லை. அரசாங்க முத்திரை இருப்பதைக் கண்டு, இது ஏதோ பெரிய காரியம் என்று மதித்து, அதனைப் பத்திரமாகச் சாமிப் படத்துக்குப் பின்னே செருகி வைத்தார். கொழும்பிலே கடையில் நின்ற மகன் லீவிலே வரும்போது வாசித்துச் சொல்வான் என்பது அவருடைய எண்ணம். மகன் வந்தான், வாசித்தான், உடனே எங்கள் லயத்துக்கு ஓடிவந்தான். அன்று செவ்வாய்க்கிழமை. நேர்முகப் பரீட்சை அதற்கு முந்திய புதன்கிழமை முடிந்துவிட்டது. கடித உறையின் மேலே திருநீறும் குங்குமமும் பட்டிருந்தன. அந்த அம்மையார் தினந்தோறும் விளக்கேற்றும்போது அதற்கும் சேர்த்துக் கும்பிட்டிருக்கிறார்.

தமக்கையாரும் தந்தையாரும் அந்தக் கந்தோருக்கும் இந்தக் கந்தோருக்கும் நடந்தார்கள். திகதி தவறியது தவறியதே என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் தமக்கையார் பால் வெட்டப் போனார்.

அவர் அழுது நாம் பார்த்ததில்லை. மேற்பிரிவு அம்மையாரைப் பற்றி எவரேனும் கடுமையாகப் பேசினால், "அந்தக் கிழவி என்ன செய்யும் பாவம், சாமியா நெனைச்சு வச்சிருந்திச்சு" என்று தடுத்துவிடுவார். இக்கதையை ஊரிலே சிரிக்கச் சிரிக்கச் சொல்பவரும் அவர்தான். ஆனால், அவருடைய வீட்டிலே உப்பு டப்பாவை மூடாமல் வைத்தவர் தப்பிப் பிழைத்ததில்லை. எங்கள் நாட்டு ஈரக் காற்றிலே உப்பைத் திறந்து வைத்தால் மறுநாள் அது நீராகி நிற்கும் என்பது மெய்தான். ஆயினும், அரை இறாத்தல் உப்புக்காக ஒருவர் அத்தனை நேரம் பேசுவதைக் கேட்டவர்கள், இதற்கு இத்தனை கோபமா என்று வியப்பார்கள். நாம் வியப்பதில்லை.

அந்தக் கடிதத்தினால் இலாபமடைந்தவர் உண்மையிலே நாமேயாவோம். அதற்குப்பின் எமது கடிதம் ஒன்றும் தோட்டத்து விலாசத்துக்கு வரவில்லை. தெரணியகலைக் கடைவீதியிலே, தந்தையார் பற்றுவைத்திருந்த பலசரக்குக் கடை முதலாளி பெரிய மனது பண்ணித் தமது விலாசத்தைத் தந்தார். எமக்கு வரும் கடிதங்களைக் கருப்பட்டிப் போத்தலுக்குப் பக்கத்திலே செருகி வைத்திருப்பார். எமது பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் கருப்பட்டி வாசனையோடுதான் எம் கைக்கு வந்தது. "தம்பி, பெரிய கடுதாசியா வந்திருக்கு, கடையை மூடிட்டுக் கொண்டு வரலாம்னு இருந்தேன்" என்றார் அவர். அவர் மறைந்து பல ஆண்டுகளாகியும், அன்னாரின் கடை இலக்கத்தையே நாம் எமது 'நிரந்தர விலாசம்' என்று நெடுநாள் எழுதி வந்தோம். நாம் ஒரு நாளும் வசியாத நிரந்தர விலாசம்.

தமக்கையாரின் மகள் உயர்தரப் பரீட்சை எழுதி நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள். சென்ற மாதம் விண்ணப்பப் பத்திரம் ஒன்றை நிரப்புவதற்காக எம்மிடம் கொண்டுவந்தாள். கைத்தொலைபேசியிலே உலகமெல்லாம் வந்துவிழும் காலமாயிற்றே, கடிதத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். பெறுபேறு கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. அழைப்புக் கடிதம் இன்னும் தபாற்காரரின் மோட்டார் சைக்கிளில்தான் வருகிறது. விலாசம் என்ற கட்டம் வந்ததும் நாம் பேனாவைத் திறந்து, வழக்கப்படி எமது கல்லூரி விலாசத்தை எழுதப் போனோம்.

"மாமா, அது உங்க விலாசம்" என்றாள் அவள்.

"கடிதம் பத்திரமாக வந்து சேரும், அம்மா."

"நீங்க கடை விலாசத்திலேயே படிச்சு முடிச்சிட்டீங்க. நான் எங்க வீட்டு விலாசத்தைத்தான் போடப்போறேன்."

தமக்கையார் இடையிலே புகுந்து, "சொன்னா கேளுடி, மாமா சொல்றபடி எழுது" என்றார். குரலிலே வழக்கமான அதட்டல் இல்லை. நாம் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தோம். ஒருவருடைய அச்சத்துக்கும் ஆதாரம் இருந்தது. மற்றவருடைய பிடிவாதத்துக்கும் ஆதாரம் இருந்தது. கடைசியில் பேனாவை அவளிடமே கொடுத்துவிட்டோம். அவள் தோட்டத்தின் பெயரை எழுதினாள். கீழ்ப்பிரிவு என்று எழுதினாள். லயத்தின் இலக்கத்தையும் காம்பராவின் இலக்கத்தையும் தெளிவான எழுத்திலே எழுதினாள். காம்பராவுக்கு இலக்கம் போட்டவர் எவர் என்று கேட்டோம். "நான்தான். பெயின்ட் வாங்கி எல்லாக் கதவிலேயும் எழுதிட்டேன்" என்றாள். தபாற்காரரிடமும் போய்ச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

அன்று தொடக்கம் நாமும் காத்திருக்கிறோம். தமக்கையாரோ, வேலை முடிந்து வரும்போது நனைந்த படங்கோடு கந்தோர்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார் என்று கேள்வி. மகளுக்கு இது தெரியாது என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

நேற்று முன்னிரவு, இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த வேளையில் தொலைபேசி மணி அடித்தது. தமக்கையார்தான். நெஞ்சு படபடக்க எடுத்து, "கடிதமா அக்கா?" என்றோம்.

"கடிதமும் இல்லே, ஒண்ணும் இல்லே" என்றார் அவர். "ஒன் மருமக உப்பு டப்பாவை மூடாம வச்சிட்டுப் போயிட்டா. இந்த மழையிலே! நீயே கேளு தம்பி, இந்தா அவகிட்டே குடுக்கிறேன்."